ரிஜிஸ்ட்ரார் சொன்னா சரியாத்தான் இருக்கும்

உள்ள வாங்க தம்பி. சாமான் ஏத்துற லாரிக்காரன் மூணு மணின்னு சொன்னா அஞ்சுக்குத்தான் வருவான், இந்த ஊர் வழக்கம் அது. அதுவரைக்கும் ஆளில்லாத வீட்டு வாசல்ல எதுக்கு நிக்கணும்? எதுத்த வீடுதான நாங்க. உங்கப்பா வீட்டுக் கதவும் எங்க வீட்டுக் கதவும் நேருக்கு நேர். மூணரை வருசம் பகல்ல ரெண்டையும் சாத்தினதே கிடையாது. உக்காருங்க, அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இப்படி வாங்க.

விசாலம்! மாஸ்டர் மகன் வந்திருக்காப்ல. கதிரேசன், ஓசூர்லருந்து. காபி போடு.

என்ன தம்பி இது? சாத்தூர் சேவா? உங்கப்பா குடுத்து விட்டாரா? எனக்கா? என் பேரைச் சொல்லியா குடுத்து விட்டாரு? சரி, அங்கிட்டு வைங்க. அப்புறம் சாப்பிடுறேன். இல்ல, இப்ப வேணாம்.

காலைல லிஃப்ட்ல வெச்சு நீங்க என் கையைப் புடிச்சுக்கிட்டு, "நீங்க மட்டும் இல்லன்னா எங்கப்பா அம்மா இங்க அநாதையா நின்னுருப்பாங்க அங்கிள்"னு சொன்னீங்க. அதை மட்டும் இனிமே சொல்லாதீங்க. அதுக்கப்புறம் இன்னொண்ணும் சொன்னீங்க. "பேப்பரைப் படிக்காம கையெழுத்துப் போட்டு, இருந்ததையெல்லாம் தொலைச்சுட்டு, எழுபது வயசுல வந்து என் வீட்டு ஹால்ல படுத்திருக்கிற மனுசன்கிட்ட என்ன பேசுறது? மூணு மாசமா பேசல"ன்னு. வக்கீல் வெச்சுப் பாருங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னீங்களாம், கேக்கலையாம். அதைக் கேட்டதுக்கப்புறம் மத்தியானம் சோறு இறங்கல. கேட்டுப் பாருங்க விசாலத்தை.

நான் யாருன்னு வாசல்ல போர்டு பாத்திருப்பீங்க. கோதண்டபாணி, சார்பதிவாளர், அடைப்புக்குறிக்குள்ள ஓய்வு. முப்பத்தாறு வருசம் பத்திர ஆபீஸ். கிளார்க்கா நுழைஞ்சு ரிஜிஸ்ட்ராரா வெளிய வந்தவன். என் மேசைக்கு வந்த பத்திரத்துல தாத்தன் பேர்ல ஒரு இனிஷியல் மாறியிருந்தாலும் திருப்பி அனுப்பிருவேன். தாய்ப்பத்திரம் எங்க, வில்லங்கச் சான்று எங்க, மூணாவது மகள் கையெழுத்து எங்கன்னு கேட்டுக் கேட்டு, எனக்கு "வில்லங்கம்"னே பட்டப்பேரு. பெருமைக்குச் சொல்லல. ஆமா, கொஞ்சம் பெருமைக்கும்தான்.

அப்பேர்ப்பட்டவன் இந்த வீட்டை எப்படி வாங்கினேன்னு கேளுங்க. மதுரையில ஒரு பெரிய ஹோட்டல்ல கண்காட்சி போட்டாங்க, வெளிநாட்டுல ஓய்வுக்கால வீடுன்னு. உள்ள நுழைஞ்சதும் கேசரி, வடை, காபி. செவுரு பூராம் கடல் படம். பந்தாய் மெலாத்தின்னு பேரு, கடற்கரை மல்லிகைன்னு அர்த்தமாம். மலேசியாவுல போர்ட் டிக்சன், கோலாலம்பூருக்குப் பக்கம், கோயில் இருக்கு, நம்ம ஆளுங்க இருக்காங்க, பத்து வருச விசா. நான் என்ன கேட்டேன் தெரியுமா? வாசல் எந்தத் திசைன்னு கேட்டேன். கிழக்குன்னான். தண்ணி உப்பான்னு கேட்டேன். இல்லன்னான். போட்டேன் கையெழுத்தை. எங்க தெருவுல ரிட்டயர் ஆன அத்தனை பேரும் பார்க்குல நடந்துக்கிட்டுக் கிடந்தானுக. எவனாவது கேட்டா ஃபாரின்ல இருக்கேன்னு சொல்லணும், அம்புட்டுத்தான் எனக்கு. மதுரை வீடு விசாலம் பேர்ல இருந்துச்சு, அவங்கப்பா குடுத்தது. வித்தோம். அவளும் சந்தோசமா கையெழுத்துப் போட்டா. சந்தோசமான்னா, ஒண்ணும் சொல்லல. வேணாம்னு சொல்லலையே.

வந்து முதல் ஒரு வருசம்தான் தம்பி சிரமம். எனக்கில்ல, அவளுக்கு. பக்கத்துல ஒரு சீனக் கிழவி, தலையை ஆட்டும், அதோட சரி. மத்த வீடெல்லாம் லீவு நாள்ல வந்து மீன் சுட்டுத் தின்னுட்டுப் போறவங்க. வெள்ளிக்கிழமை கோயிலு, அங்க உள்ளவங்களுக்கு அவங்கவங்க வேலை. இவ பேச்சை நிறுத்திட்டா. நான் கேட்டா ஆமா, இல்ல. ஒருநாள் குளிச்சுட்டு வர்றேன், அடுப்பங்கரையில பேச்சுச் சத்தம். யாரு வந்திருக்காங்கன்னு எட்டிப் பாத்தா, குக்கர்கிட்ட பேசிக்கிட்டு இருக்கா. "இன்னும் ஒரு விசில் குடுடி, முடிஞ்சுரும்"ங்கிறா. எனக்கு சிரிப்பு வந்துச்சு. அப்புறம் வரல.

அந்த சமயத்துலதான் ஒரு கடுதாசி வந்துச்சு.

கீழ தபால் பெட்டியில கிடந்துச்சு. ஒரு வக்கீல் கம்பெனி எழுதினது, மூணு பக்கம் இங்கிலீஷ். நின்ன வாக்குல படிச்சேன். விசயம் என்னன்னா, இந்தக் கட்டடத்தைக் கட்டினவன் மொத்த நிலத்தையும் ஒரு பேங்க்ல அடமானம் வெச்சிருக்கான். கடனைக் கட்டல. ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப்பட்டா வாங்கித் தர்றேன்னவன் வாங்கவே இல்ல. வழக்கு முடியற வரைக்கும் யார் பேர்லயும் வீடு மாறாது, எப்ப முடியும்னும் தெரியாது. நாம குடியிருக்கலாம், மாசாமாசம் பராமரிப்புக் காசு கட்டலாம், சட்டப்படி விக்க மட்டும் முடியாது. அதாவது வீடு நம்மளுது, ஆனா நம்மளுது இல்ல.

முப்பத்தாறு வருசம் அடுத்தவன் வில்லங்கத்தைத் தோண்டினவன், தன் வீட்டுத் தாய்ப்பத்திரத்தைப் பாக்காம விட்டுட்டேன். இதை எவன்கிட்ட சொல்றது? விசாலத்துகிட்ட சொல்ல முடியுமா? கடுதாசியை எட்டா மடிச்சு பீரோ அடித்தட்டுல, விரிச்சிருந்த பேப்பருக்கு அடியில வெச்சேன். இன்னிக்கு வரைக்கும் அங்கதான் கிடக்கு.

விசாலம், காபி ஆச்சா?

சத்தத்தையே காணோம். சரி, வரும்.

பதினோரு நாள் கழிச்சு ஏஜெண்ட் குணசேகர், இந்த ஊர்ப் பையன்தான், உங்கப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்தான் எதுத்த வீட்டைக் காட்ட. விருதுநகர்னு கேட்டதும் நான் விட்டா புடிக்க முடியாதுன்னு உள்ள கூப்பிட்டேன். உங்கம்மா தெய்வானை உக்காரக்கூட இல்ல, நேரா அடுப்பங்கரைக்குப் போயி, "இங்க கருவேப்பில கிடைக்குமாக்கா?"ன்னு கேட்டாங்க பாருங்க, விசாலத்துக்கு ஒரு வருசத்துப் பேச்சும் மொத்தமா உடைச்சுக்கிட்டு வந்துச்சு. ரெண்டு மணி நேரம். நடுவுல அவ சிரிச்சா தம்பி. அந்தச் சிரிப்பை நான் கேட்டு எத்தனை காலமாச்சு. நானும் உங்கப்பாவும் இங்க உக்காந்திருக்கோம், எனக்குக் காது பூராம் அங்கதான் இருக்கு.

அப்பத்தான் உங்கப்பா கேட்டாரு. "சார், பேப்பரெல்லாம் எப்படி? ஒரு வக்கீல் வெச்சுப் பாத்துருங்கப்பான்னு எம்மகன் சொல்றான்"னு. கேட்டாரு தம்பி. உங்க பேரைச் சொல்லித்தான் கேட்டாரு. நீங்க சொன்னதை அவரு காத்துல விடல.

நான் என்ன சொன்னேன்? பத்திரம் சரியா இருக்குன்னு சொல்லவே இல்ல. இன்னிக்குக் கோர்ட்ல ஏத்தினாலும் சத்தியம் பண்ணுவேன். காத்து நல்லா வரும்னு சொன்னேன். அது உண்மைதான, இப்பவே வருது பாருங்க. அதுக்குள்ள அந்தக் குணசேகர் பய, "அங்கிள் ஊர்ல ரிஜிஸ்ட்ராரா இருந்தவருங்க லா"ன்னு இந்த ஊர்ப் பேச்சுல இழுத்து, "அவரே இங்க வாங்கியிருக்காரு"ன்னான். உங்கப்பா எந்திரிச்சு நின்னுட்டாரு. பி.டி. மாஸ்டர்ல, விறைப்பா நிக்கிறாரு. "அடடா, ரிஜிஸ்ட்ராரு இருக்கிற இடத்துல நான் ஒரு வக்கீலைக் கூட்டிக்கிட்டு வந்தா அது உங்களை அவமானப்படுத்துற மாதிரி சார்"ங்கிறாரு. நம்ம பக்கத்து மனுசங்க புத்தி அப்படி. வாத்தியாரு போட்ட கணக்கை அடுத்தவனை வெச்சுச் சரி பாக்கக் கூடாதும்பாங்க.

வேணாம் மாஸ்டர், வக்கீல் வெச்சே பாருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. நாக்கு வரைக்கும் வந்துச்சு. உள்ளருந்து இவ மறுபடியும் சிரிச்சா.

"நான் இருக்கேன்ல மாஸ்டர்"னேன்.

அம்புட்டுத்தான் சொன்னது. நாலு நாள் ஏமாத்திப் பேசல, கமிஷன் வாங்கல, அஞ்சு பைசா எவன்கிட்டயும் தொடல. நான் இருக்கேன்ல, அந்த ஒரு சொல்லுதான். அதுக்கு உங்கப்பா ஊர்ல இருந்த வீட்டையும் பி.எஃப். பணத்தையும் கொண்டு வந்து இங்க கொட்டினாரு.

நல்லா இருந்தோம் தம்பி, அதைச் சொல்லாம இருக்க முடியாது. உங்கப்பா தினம் காலையில விசிலை எடுத்துக்கிட்டு கடற்கரைக்குப் போவாரு. நாலு சீனத் தாத்தாமாரு, ரெண்டு மலாய்க்காரங்க, நான், எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு, கையைத் தூக்கு, காலைத் தூக்குன்னு தமிழ்லயே கத்துவாரு. அவங்களும் தூக்குவாங்க. உங்கம்மாவும் இவளும் மொட்டைமாடியில கூழ்வத்தல் போட்டு, காவக்காரன் வந்து என்னமோ அசிங்கம்னு கழுவி விட்டு, அதுக்கு ஒரு பஞ்சாயத்து. இவ ஒரு நாளும் குக்கர்கிட்ட பேசல.

தினம் அவர் மூஞ்சியைப் பாக்கும்போது சொல்லிரலாம்னு தோணும். நாளைக்குன்னு விட்டுருவேன். வழக்கு முடிஞ்சு பட்டா வந்துருச்சுன்னா சொல்ல வேண்டிய அவசியமே இல்லையேன்னு ஒரு கணக்கு. சாகுற வரைக்கும் இங்கதான இருக்கப் போறோம், எதுக்கு விக்கப் போறோம்னு இன்னொரு கணக்கு.

நெஞ்சுவலி வந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே. எழுபது முடிஞ்சதும் இன்சூரன்ஸ்காரன் கைவிட்டுட்டான், புதுப்பிக்க மாட்டேன்னுட்டான். வெளிநாட்டுக்காரங்கன்னா ஆஸ்பத்திரியில முழுக்காசு. விசாவுக்காகப் பேங்க்ல போட்டு வெச்சிருந்த டெபாசிட்டை உடைச்சுக் கட்டினாரு. உசுரு தப்பிச்சுச்சு. ஆனா டெபாசிட் இல்லன்னா விசா இல்ல. சரி, வீட்டை வித்துட்டு ஊரோட போயிருவோம்னு முடிவு பண்ணாரு. குணசேகர் ஒரு சீன டீச்சரைக் கூட்டிக்கிட்டு வந்தான். அந்தம்மா வக்கீல் வெச்சாங்க. அந்த வக்கீல் ஒரே காலையில கண்டுபுடிச்சுட்டான், எதை நான் பீரோவுல வெச்சிருந்தேனோ அதை.

உங்கப்பா அந்த வக்கீல் எழுதிக் குடுத்த தாளோட இந்த நாற்காலியில வந்து உக்காந்தாரு. "சார், உங்களுக்கு இது மாதிரி கடுதாசி எதுவும் முன்னாடி வந்துச்சா?"ன்னு கேட்டாரு.

இல்ல மாஸ்டர்னு சொன்னேன்.

 "சரி சார்"னு எந்திரிச்சுப் போயிட்டாரு. தாளை மேசையிலயே விட்டுட்டுப் போயிட்டாரு. எடுத்துப் படிக்கிறேன், கடைசிப் பத்தியில போட்டிருக்கு: இந்த விவரம் எல்லா வீட்டுக்காரங்களுக்கும் தபால்ல தெரிவிக்கப்பட்டிருக்கு, இன்ன வருசம், ஆகஸ்ட் ஏழாந்தேதின்னு. அவரு வீடு வாங்கறதுக்கு முன்னாடி தேதி. அதைப் படிச்சுட்டுத்தான் தம்பி அவரு என்கிட்ட வந்து கேட்டிருக்காரு. நான் பொய் சொல்றேன்னு தெரிஞ்சுக்கிட்டே கேட்டிருக்காரு.

கோவப்படல. ஊருக்குப் போறவரைக்கும் கதவைத் திறந்தேதான் வெச்சிருந்தாரு. உங்ககிட்டயும் என் பேரைச் சொல்லலன்னு இன்னிக்குக் காலையிலதான் எனக்குத் தெரியும். மூணு மாசமா ஹால்ல படுத்துக்கிட்டு, உங்க மௌனத்தையும் வாங்கிக்கிட்டு, எனக்குச் சேவு வாங்கி அனுப்புறாரு. உங்கப்பா முட்டாள் இல்ல தம்பி. அவரு என்னை நம்பினாரு. குத்தம் பண்ணினவன் நான். சொல்லிட்டேன். இதைச் சொல்ல எனக்கு நாலு வருசம் ஆயிருக்கு.

தம்பி, திட்டுங்க. திட்டினா நல்லாருக்கும்.

சரி, இருங்க. வெறுமனே மன்னிப்புக் கேக்க நான் கூப்பிடல. ஒரு வழி வெச்சிருக்கேன். உங்கப்பா பணம் முழுசா இல்லன்னாலும் முக்காவாசி திரும்ப வந்துரும். நாலு மணிக்கு ஒரு ஆள் வர்றாரு. கரூர்க்காரரு, புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும். குணசேகர்தான் கூட்டிக்கிட்டு வர்றான். போன வாரமே ஒரு தடவை வந்து பாத்துட்டாங்க, உங்கப்பா வீடு புடிச்சுப் போச்சு. வாசல் கிழக்கான்னு கேட்டாரு. போர்டைப் பாத்தாரு, "ரிஜிஸ்ட்ராரா சார் நீங்க?"ன்னு கேட்டாரு. வக்கீல் பேச்சே எடுக்கல. இன்னிக்கு ஒப்பந்தம் போட்டு முன்பணம் குடுத்துருவாரு. உங்ககிட்ட உங்கப்பா எழுதிக் குடுத்த பவர் இருக்கு, சாமான் விக்கிறதுக்கு மட்டுமில்ல, வீட்டுக்கும் சேத்துத்தான் எழுதியிருக்கு, காலைல வாங்கிப் பாத்தேனே. நல்லா எழுதியிருக்கான், பிசிறே இல்ல. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். லாரிக்காரனை நாளைக்கு வரச் சொல்லிருவோம், சாமான் கிடந்தாத்தான் வீடு வீடா தெரியும்.

பேசுறதை நான் பாத்துக்கிறேன். நீங்க பக்கத்துல உக்காந்திருந்தாப் போதும்.

நேத்தே உங்கப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். மறைக்கல. "வேணாம் சார், கதிர்கிட்ட இதைச் சொல்லாதீங்க"ன்னுட்டு வெச்சுட்டாரு. அவரு கிடக்காரு, வாத்தியார் புத்தி. ஹால்ல படுக்கிறது யாரு, உங்க பிள்ளைங்க படிக்க இடமில்லாம கஷ்டப்படுறது யாரு? நீங்கதான யோசிக்கணும்? அந்தக் கரூர்க்காரருக்கு ஒண்ணும் ஆயிராது, ரெண்டு பஸ் ஓடுது அவருக்கு. உடம்பும் கல்லு மாதிரி இருக்கு, எழுபதுக்கு இன்னும் ஆறு வருசம் கிடக்கு. அதுக்குள்ள வழக்கே முடிஞ்சாலும் முடிஞ்சுரும். அந்தம்மாவும் நல்ல மாதிரி. வந்ததும் வராததுமா விசாலத்துகிட்ட அடுப்பங்கரையில போயி...

ஏன் அப்படிப் பாக்குறீங்க? யாரை, என் பின்னாலயா?

விசாலம். நீ எப்ப வந்த? கையில என்ன அது?

பீரோவைத் திறந்தியா? நாங்க பேசினது உள்ள கேட்டுச்சா? எந்த இடத்துலருந்து கேட்ட?

அதை எதுக்குத் தம்பிகிட்ட நீட்டுற? உனக்கு இங்கிலீஷ் படிக்க வராதுன்னா என்கிட்ட கேளு. தேதி எங்க இருக்குன்னு அவர்கிட்ட ஏன் கேக்குற? தம்பி, காட்டாதீங்க. அட, காட்டாதீங்கன்னா. ஆமா, ஆகஸ்ட் ஏழு. இதோ சொன்னேனே, நானே சொன்னேனே. ஆவணி பொறந்த மறுநாள் தெய்வானை இந்த வீட்டுக்குள்ள வந்தாளா? அந்தக் கணக்கெல்லாம் உனக்கு எப்படி இப்படி ஞாபகம் இருக்கு? உனக்காகத்தான் விசாலம். நீ சிரிச்சியே. நீ சிரிச்சதுக்காகத்தான் நான் அன்னிக்கு...

கீழ காவக்காரன் ரூம்லருந்து போன் அடிக்குது. அவங்க வந்துட்டாங்க. மணி நாலாயிருச்சா? தம்பி, கொஞ்சம் எடுத்து மேல வரச் சொல்லுங்க. எடுங்க தம்பி. நீங்க யாருக்குப் போன் போடுறீங்க? உங்கப்பாவுக்கா? இப்பவா? என்ன சொல்லப் போறீங்க அவர்கிட்ட?

சாப்பிட்டீங்களாப்பான்னா கேக்குறீங்க?

விசாலம், நீ எங்க போற? கீழயா? லிஃப்ட் ஓடுது, அவங்களே வருவாங்க. நீ போயி என்ன பேசப் போற, உனக்கு நாலு பேர் முன்னாடி பேச வருமா? பேச மாட்டியா? இந்தக் கடுதாசியை அந்தம்மா கையில குடுப்பியா? குடுத்தா அதோட போயிருவாங்களே. அப்புறம் எதுத்த வீட்டுக்கு யாரு வருவா? நீ யாரோட பேசுவ? சொல்லு, உனக்கு யாரு இருக்கா? நாளைக்குக் குணசேகர் கேட்டா நான் என்ன சொல்றது? அவங்க மேல வரட்டும், உக்கார வெச்சு, காபி குடுத்து, பக்குவமா நானே எடுத்துச் சொல்றேன். கண்டிப்பா சொல்லிருவேன். சத்தியமா சொல்லிருவேன்.

என்ன சொன்ன?

கேட்டீங்களா தம்பி அவ சொல்றதை? அவங்க மேல வந்தா நான் பேசிப் பேசியே கையெழுத்துப் போட வெச்சிருவேனாம். அதனால கீழயே போறாளாம்.

நீங்களும் அவ கூடவா? சரி. போங்க. கதவு திறந்தே இருக்கட்டும். நான் பேசல.